சுமைக்கேற்ற காற்று: வீட்டுப் பட்டறையில் ஒரு மண்சாலை டிரெய்லர்

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லி நிலப்பகுதியின் குறுக்கே கிப் ரிவர் ரோடு என்றொரு சாலை போகிறது. நீளம் சுமார் 660 கிலோமீட்டர். மாட்டுப் பண்ணைகளிலிருந்து கால்நடைகளை லாரிகளில் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட சாலை அது. அதன் பெரும்பகுதி இன்றும் சரளையும் செம்மண்ணும்தான். தெற்கே ஊட்னடாட்டா டிராக், நடுவே தனாமி என்று அந்த நாட்டில் இப்படிப்பட்ட பாதைகள் நிறைய உண்டு. மழை ஓய்ந்த மாதங்களில் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு இந்தப் பாதைகளில் இறங்குகின்றன. கூடாரம், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர் எல்லாம் பின்னால் வரும் டிரெய்லரில் இருக்கும்.

அந்த டிரெய்லர்களில் கணிசமானவை கம்பெனியில் வாங்கியவை அல்ல. வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில், ஒரு வெல்டிங் மெஷினையும் ஒரு கிரைண்டரையும் வைத்துக்கொண்டு சொந்தக்காரரே கட்டியவை. அப்படிக் கட்டுகிறவர்களில் பலர் இப்போது இரும்பு ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, லாரியிலும் பேருந்திலும் இருப்பதுபோல் ரப்பர் காற்றுப்பையைப் பொருத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “மெத்தென்று போகும்” என்பதுதான். அந்தப் பதில் பாதிதான் சரி. மெத்தென்று போகும் இரும்பு ஸ்பிரிங்கையும் செய்யலாம். ஆனால் உயரம் மாறாமலே, ஏற்றிய எடைக்கேற்பத் தன் விறைப்பை மாற்றிக்கொள்ள இரும்பு ஸ்பிரிங்கால் முடியாது. காற்றுப்பையின் உண்மையான பலம் அதுதான். அதைப் புரிந்துகொண்டு கட்டினால் டிரெய்லர் நிலைக்கும். புரியாமல் கட்டினால் பை நன்றாக இருக்கும், டிரெய்லர் உடைந்திருக்கும்.

சாலையின் தாளம்

முதலில் எதிரியைப் பார்ப்போம். மண்சாலையில் வண்டிகள் ஓட ஓட, பாதைக்குக் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் எழுகின்றன. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை இடைவெளி இருக்கும். ஆழம் சில சென்டிமீட்டர். சாலையைச் சமப்படுத்திவிட்டு இயந்திரம் போன சில நாட்களிலேயே வரிகள் திரும்பிவிடும்.

இதற்குக் காரணம் தேடியவர்களில் கீத் மாதர் முக்கியமானவர். வட்டமான மணல் தடத்தில் ஒரு சிறு சக்கரத்தை ஓடவிட்டு ஆராய்ந்து, 1963இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதினார். தற்செயலான ஒரு சிறு மேட்டில் சக்கரம் ஏறி எம்புகிறது. விழும் இடத்தில் மண்ணைத் தள்ளிக் குழி பறிக்கிறது. குழியிலிருந்து ஏறும்போது மறுபடி எம்புகிறது. அடுத்த வண்டியின் சக்கரமும் ஏறக்குறைய அதே இடங்களில் எம்பி விழ, வரிகள் ஆழமாகின்றன. 2007இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் மோரிஸும் அவருடன் பணிபுரிந்த டாபர்லே, மெக்கெல்வைன் ஆகியோரும் சுழலும் மணல் மேடையில் இதை மீண்டும் சோதித்தார்கள். சக்கரத்தில் ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் வரிகள் எழுந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மட்டும் மணல் சமமாகவே இருந்தது. நிஜச் சாலையில் அவ்வளவு மெதுவாக யாரும் போகமாட்டார்கள் என்பதால், மண்சாலை இருக்கும்வரை வரிகளும் இருக்கும்.

டிரெய்லர் கட்டுகிறவருக்கு வேண்டியது இந்த வரிகளின் தாளம். மேடுகளுக்கு இடையே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சக்கரத்துக்கு விநாடிக்கு 11 உதை விழும், அதாவது 11 ஹெர்ட்ஸ். 80 கிலோமீட்டரில் அது 30 ஹெர்ட்ஸ் ஆகும். இனி வண்டியின் பக்கம் வருவோம். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் உடல் விநாடிக்கு ஒன்றிரண்டு முறைதான் தானாக ஆடும். ஸ்பிரிங்குக்குக் கீழே, டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருக்கும் சக்கரமோ விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை துள்ளக்கூடியது. 30 கிலோமீட்டர் வேகத்தில் சாலையின் தாளமும் சக்கரத்தின் தாளமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வேகத்தில் வண்டி உதறி எடுப்பதற்கு ஒத்ததிர்வுதான் காரணம்.

அதனால்தான் அனுபவசாலி ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டு, ஆட்டம் குறையும் என்கிறார்கள். 70, 80ஐத் தாண்டினால் சக்கரத்துக்குப் பள்ளத்தில் இறங்க நேரம் இருப்பதில்லை. மேட்டுக்கு மேடு தாவிப் போகிறது. ஆனால் தாவும் நேரமெல்லாம் டயர் மண்ணைத் தொடுவதில்லை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த அளவுக்கு வேலை செய்யாது. ஆட்டம் குறைந்தது என்பதற்காக ஆபத்து குறைந்துவிடவில்லை. வேகத்தைக் கூட்டாமல் ஆட்டத்தைக் குறைக்க எளிய வழி, டயரில் காற்றை இறக்குவது. மென்மையான டயரே உதையின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

இரும்பு எங்கே தோற்கிறது

டிரெய்லருக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கார் ஒன்றின் எடை, ஆள் ஏறினாலும் இறங்கினாலும் கால்பங்குக்கு மேல் மாறுவது அரிது. டிரெய்லர் அப்படியல்ல. வெறும் வண்டி 700 கிலோ இருக்கும். தண்ணீர், எரிபொருள், பேட்டரி, உணவு, கூடாரம் ஏறியதும் 1500 கிலோ ஆகிவிடும்.

ஒற்றை ஆக்சில், இரண்டு சக்கரம் கொண்ட டிரெய்லரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சக்கரங்கள் தாங்கும் எடை நிறைசுமையில் 1500 கிலோ, வெறுமையில் 700 கிலோ. சக்கரம், ஹப், பிரேக் என்று ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு 60 கிலோவைக் கழித்தால், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தாங்குவது நிறைசுமையில் 690 கிலோ, வெறுமையில் 290 கிலோ.

நிறைசுமையில் விநாடிக்கு 1.17 முறை ஆடும்படி ஒரு மென்மையான இரும்பு ஸ்பிரிங்கைப் போட்டோம் என்றால், சுமையை இறக்கியதும் ஆட்டம் விநாடிக்கு 1.8 முறை ஆகிவிடும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறவில்லை, மேலே இருக்கும் எடைதான் குறைந்தது. அதோடு வண்டியின் உடல் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும். ஏற்றினால் தாழும், இறக்கினால் எழும். இழுக்கும் வண்டியின் கொக்கிக்கும் டிரெய்லரின் மூக்குக்கும் ஒரே மட்டம் கிடைக்காது.

இந்த ஏற்ற இறக்கம் வேண்டாமென்றுதான், லாரிப் பட்டறைகளில் கமான் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங்கை டிரெய்லர்களுக்கு இன்னும் விறைப்பாகச் செய்கிறார்கள். விறைப்பை இரண்டு மடங்காக்கினால் தாழ்வு பாதியாகும். ஆனால் நிறைசுமையிலேயே ஆட்டம் 1.65 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், வெறுமையில் இரண்டரையைத் தாண்டும். வெறும் டிரெய்லர் மண்சாலையில் பந்தாய்த் துள்ளுவதற்கு இதுவே காரணம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வும் சேர்ந்துகொள்ளும். சின்னச் சின்ன அதிர்வுகளுக்குப் பட்டை அசையவே அசையாது. அதிர்வு நேராகச் சேசிஸுக்குப் போகும்.

காற்று எப்படி ஜெயிக்கிறது

சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால், அழுத்த அழுத்தக் கை கடுக்கிறது. கைப்பிடியை விட்டால் பின்னால் எழும்புகிறது. காற்றுப்பையில் நடப்பதும் அதுதான். அடைபட்ட காற்றின் கொள்ளளவு குறைந்தால் அழுத்தம் ஏறும், அந்த ஏற்றம்தான் ஸ்பிரிங்.

இதன் விறைப்பை நிர்ணயிப்பவை முக்கியமாக மூன்று. பைக்குள் இருக்கும் மொத்த அழுத்தம், பை சுமையைத் தாங்கும் பரப்பு, உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு. அழுத்தம் கூடினால் விறைப்பு கூடும், கொள்ளளவு கூடினால் விறைப்பு குறையும். எடை ஏறும்போது பழைய உயரத்துக்கு வண்டியைத் தூக்கப் பையில் காற்றை ஏற்றுகிறோம். அழுத்தம் கூடுகிறது, அதோடு விறைப்பும் கூடுகிறது. எடையும் விறைப்பும் சேர்ந்தே ஏறுவதால், ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

நம் டிரெய்லரில் வைத்துப் பார்ப்போம். சக்கரத்தைப் பின்னோக்கி நீட்டிய ஒரு கை தாங்குகிறது. கீலிலிருந்து சக்கர மையம் 50 சென்டிமீட்டர். பை உட்காரும் இடம் கீலிலிருந்து 35 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி, சக்கரத்தின் மேல் விழும் சுமையைப்போல் 1.43 மடங்கைப் பை தாங்க வேண்டும். பையின் செயல்விட்டம் 16 சென்டிமீட்டர், உயரம் 20 சென்டிமீட்டர் என்றால், நிறைசுமையில் அழுத்தமானி சுமார் 70 பிஎஸ்ஐ காட்டும், வெறுமையில் 29 பிஎஸ்ஐ. ஆட்டம் நிறைசுமையில் விநாடிக்கு 1.17 முறை, வெறுமையில் 1.3 முறை. இரும்பில் 1.8 ஆன இடத்தில் காற்றில் 1.3தான். உயரமோ மாறவே இல்லை.

1.17க்கும் 1.3க்கும் அந்தச் சிறு வேறுபாடு ஏன்? அழுத்தமானி வளிமண்டல அழுத்தத்தைச் சேர்க்காமல் காட்டுகிறது. விறைப்பைத் தீர்மானிக்கும் மொத்த அழுத்தத்திலோ வளிமண்டலத்தின் 14.7 பிஎஸ்ஐயும் அடக்கம். சுமை குறைந்தாலும் அந்தப் பங்கு குறைவதில்லை. அதனால் விறைப்பு எடையின் விகிதத்துக்குச் சற்றுக் குறைவாகவே இறங்குகிறது.

கணக்கிலிருந்து கிடைக்கும் இன்னொரு பாடம், பையை எங்கே வைப்பது என்பது. கீலை நோக்கி நகர்த்தினால் பையின் அசைவு குறையும், ஆனால் சுமை ஏறும். சக்கரத்தில் உணரும் விறைப்பு அந்த விகிதத்தின் இருபடியில் மாறும். 35 சென்டிமீட்டரை 25 ஆக்கினால் பை தாங்க வேண்டியது சக்கரச் சுமையின் இரண்டு மடங்கு. நிறைசுமையில் அழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு நெருங்கிவிடும். அது பல பைகளின் உச்சவரம்பு. பள்ளத்தில் விழும்போது ஏறும் அழுத்தத்துக்கு அதன்மேல் இடமே இருக்காது.

இந்த யோசனை புதிதல்ல. வண்டிகளுக்கான காற்று ஸ்பிரிங்குக்கு அமெரிக்காவில் 1901இலேயே வில்லியம் ஹம்ஃப்ரீஸ் காப்புரிமை பெற்றுவிட்டார். 1950களில் அமெரிக்கப் பேருந்துகள் காற்றுப்பையில் ஓடத் தொடங்கின. 1957இல் காடிலாக் எல்டொராடோ புரோம் காரின் நான்கு சக்கரங்களிலும் காற்றுப்பை வந்தது. நம் ஊரில் இரவு நேர ஆம்னி பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று விடுவதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பொருள் அந்நியமில்லை. எடை பெரிதாக மாறும் வண்டிகள்தான் முதலில் இதை ஏற்றுக்கொண்டன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பை செய்யாத வேலைகள்

காற்றுப்பை சுமையைத் தாங்கும். அது செய்வது அவ்வளவுதான். இரும்புப் பட்டை ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. சுமையைத் தாங்குகிறது, ஆக்சிலை இடம் மாறாமல் பிடிக்கிறது, உராய்வால் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கவும் செய்கிறது. பையைப் போட்டதும் மற்ற இரண்டு வேலைகளுக்கும் வேறு ஆள் தேட வேண்டும்.

சக்கரத்தை இடத்தில் பிடிப்பது அந்தப் பின்னோக்கிய கையின் வேலை. கை முறுக்கிக்கொள்ளாதபடி, கீல் அகலமாகவும் புஷ் கெட்டியாகவும் இருக்க வேண்டும். சக்கரங்கள் பயணத் திசைக்கு நேராக நிற்கின்றனவா என்பதும் இங்கேதான் முடிவாகிறது. ஒரு சக்கரம் ஒரே ஒரு பாகை கோணலாக நின்றால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் பட்டன் தேய்ந்துவிடும். அதனால் கீலில் திருகிச் சரிசெய்ய ஓர் ஏற்பாடு வைத்தே கட்டுவார்கள்.

ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் சக்தியை வாங்கி அப்படியே திருப்பித் தரும். ஷாக் அப்சார்பர் அதை எண்ணெயின் உராய்வில் வெப்பமாக்கி வெளியே விடும். நம் டிரெய்லர் 54 கிலோமீட்டர் வேகத்தில் வரிச்சாலையில் போகிறது, ஷாக் அப்சார்பர் விநாடிக்கு 20 முறை, 5 மில்லிமீட்டர் வீச்சில் அசைகிறது என்று கொண்டால், ஒரு சக்கரத்தில் மட்டும் சுமார் 600 வாட் வெப்பம் எழுகிறது. மணிக்கணக்கில் அந்த வெப்பம் ஒரு சின்னக் குழாயிலிருந்து வெளியேறியாக வேண்டும். எண்ணெய் சூடேறி நுரைத்தால் அடக்கும் திறன் போய்விடும், சீல் கருகி எண்ணெய் ஒழுகும். ஆஸ்திரேலியக் கட்டுநர்கள் ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஷாக் அப்சார்பர் போடுவதும், நைட்ரஜன் அடைத்த பெரிய குழாய்களைத் தேடுவதும் இந்த வெப்பத்துக்காகத்தான்.

பைக்கு இரண்டு எல்லைகள் கட்டாயம் வேண்டும். மேலே வரும்போது கை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு ரப்பர் கட்டை. கீழே தொங்கும்போது பை இழுபட்டு விளிம்பிலிருந்து கழன்றுவிடாதபடி ஒரு பட்டி, அல்லது அந்த இடத்தில் முழுநீளமும் எட்டிவிடும் ஷாக் அப்சார்பர். மேல் கட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. நடுவழியில் பை கிழிந்தால், அதன்மேல் வண்டியை உட்காரவைத்து மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். பையோ நைலான் நூல் பொதித்த ரப்பர். கல்லடிக்கும் டயர் உரசலுக்கும் அது பயப்படும். டயரிலிருந்து தள்ளியும், முன்னால் ஒரு தகட்டு மறைப்போடும் பொருத்த வேண்டும். மடியும் வகைப் பையானால், அடிப்பகுதியில் சேரும் மணல் ரப்பரை அரித்துவிடும். ஆறு தாண்டியதும், தூசு நாள் முடிந்ததும் கழுவுவது நல்லது.

குழாயில் இருக்கும் சூட்சுமம்

வீட்டில் கட்டுகிறவர்கள் பலர் சறுக்குவது காற்றுக் குழாயில். இடப்பக்கப் பைக்கும் வலப்பக்கப் பைக்கும் ஒரே குழாயை இணைத்துவிட்டால் வேலை எளிது, ஒரு வால்வு மிச்சம். ஆனால் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பையின் மேல் சுமை ஏறும். அங்கிருக்கும் காற்று குழாய் வழியாக உட்பக்கப் பைக்கு ஓடும். தாங்க வேண்டிய பக்கம் தாழ, தாழ வேண்டிய பக்கம் எழும். வண்டி கவிழ்வதற்கு நாமே வழி செய்து கொடுத்தது போலாகிவிடும். எனவே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு, திரும்பி ஓடவிடாத ஒருவழி வால்வு எல்லாம் வேண்டும்.

இரட்டை ஆக்சில் டிரெய்லரில் கதை வேறு. ஒரே பக்கத்தின் முன்பையையும் பின்பையையும் தாராளமாக இணைக்கலாம். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது காற்று பின்பைக்குப் போய், இரண்டு சக்கரமும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். இடம் வலம் பிரித்தால் நிலை, முன் பின் இணைத்தால் சமன்.

காற்றை நிரப்ப 12 வோல்ட் கம்ப்ரஸரும், ஒரு சிறு தொட்டியும் போதும். உயரத்தைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் லாரி வால்வுகளும் கிடைக்கின்றன. கையால் திருகும் வால்வும் அழுத்தமானியும் வைத்துக்கொண்டால் பழுதாவதற்குப் பொருள் குறைவு. தனித்தனி வால்வுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. சரிவான இடத்தில் முகாம் போடும்போது, ஒரு பக்கத்தில் காற்றை இறக்கி, மறுபக்கத்தில் ஏற்றி, படுக்கையைச் சமமாக்கிவிடலாம்.

பாலைவனத்தில் மட்டும் காற்று ஒரு வேடிக்கை காட்டும். அதிகாலை 5 டிகிரியில் உயரத்தைச் சரியாக வைத்துப் புறப்பட்டால், பிற்பகல் 40 டிகிரியில் அதே காற்று எட்டில் ஒரு பங்கு விரிந்திருக்கும். சுமை மாறாததால் அழுத்தம் மாறாது, கொள்ளளவு மாறும். நம் டிரெய்லரில் அது மூன்றரை சென்டிமீட்டர் உயர்வு. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை உயரத்தைப் பார்ப்பது அங்கே பழக்கமாக வேண்டும்.

உடைவது எங்கே

மண்சாலை ஓரத்தில் செயலிழந்து நிற்கும் டிரெய்லர்களை உற்றுப் பார்த்தால், ஸ்பிரிங்கைவிட வெல்டிங்தான் அதிகம் கைவிட்டிருக்கும். குறிப்பாக, கொக்கியை நோக்கி இரண்டு பக்கமிருந்தும் வந்து கூம்பும் இழுகம்பி, சேசிஸின் முன்குறுக்குச் சட்டத்தில் சேரும் இடம். இழுகம்பி வளையும்போது உச்சத் தகைவு விழும் இடமும் அதுதான், வெல்டிங் செய்த இடமும் அதுதான்.

உலோகச் சோர்வு என்பது ஒரே அடியில் உடைவதல்ல. தாங்கக்கூடிய சுமையே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது, வெல்டிங்கின் விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் பிறந்து வளர்கிறது. வெல்டிங் செய்த மூட்டில் ஆயுள் தகைவின் மும்மடியில் குறைகிறது. தகைவு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. இதில் பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி, கூடுதல் வலுவுள்ள இரும்பு வாங்கினாலும் வெல்டிங் மூட்டின் சோர்வு ஆயுள் கூடாது என்பது. விரிசல் பிறப்பது வெல்டிங்கின் வடிவத்தால், அங்கே உறைந்துபோன உள்தகைவால். வலுவான இரும்பு அவற்றை மாற்றாது.

மாற்றக்கூடியவை வேறு. செவ்வகக் குழாயின் உயரத்தைக் கூட்டினால் வளைவு மளமளவென்று குறையும். அதனால் 100க்கு 50 மில்லிமீட்டர் குழாயை நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. இழுகம்பியை முன்சட்டத்தோடு முடிக்காமல், அதன் அடியில் ஓடவிட்டு இரண்டாவது குறுக்குச் சட்டம் வரை கொண்டுபோக வேண்டும். இழுவிசை படும் அடிமுகத்தில் குறுக்கே வெல்டிங் போடுவதைத் தவிர்த்து, பக்கவாட்டு முகங்களில் நெடுகப் போட வேண்டும். தாங்கு தகடுகளைச் சதுரமாக வெட்டி ஒட்டாமல், முனை கூம்பும்படி வெட்ட வேண்டும். விறைப்பு திடீரென மாறும் இடத்தில்தான் விரிசல் குடியேறும்.

துருவுக்கு எதிராகச் சேசிஸை 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் முக்குவதாக இருந்தால், மூடிய குழாய் ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை வேண்டும். உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகி வெடிக்கக்கூடும் என்பதால், துளையில்லாத சேசிஸைத் துத்தநாகத் தொட்டிக்காரர்கள் தொடவே மாட்டார்கள்.

எடை எங்கே இருக்கிறது

மொத்த எடை சரியாக இருந்தாலும் அது உட்காரும் இடம் தவறானால், தார்ச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் வழக்கமான கைக்கணக்கு, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் விழ வேண்டும் என்பது. ஈர்ப்பு மையம் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால்தான், பக்கவாட்டுக் காற்றோ லாரியின் வீச்சோ தள்ளும்போது டிரெய்லர் தானாக நேராகும்.

கொக்கி எடை சரியென்றாலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. 40 கிலோ பொருளை ஆக்சிலிலிருந்து அரை மீட்டரில் வைப்பதற்கும் இரண்டரை மீட்டரில் வைப்பதற்கும், சுழற்சித் தடையில் 25 மடங்கு வித்தியாசம். முன்கோடியில் ஒரு பெட்டியும் பின்கோடியில் இரண்டு ஸ்டெப்னியும் தொங்கவிட்டால் கொக்கி எடை சமமாகத்தான் தெரியும். ஆனால் ஒருமுறை ஆடத் தொடங்கிய டிரெய்லரை நிறுத்துவது கடினம். தண்ணீர்த் தொட்டி ஆக்சிலை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் தீரத் தீரக் கொக்கி எடை மாறாமலிருக்கவும் அதுவே வழி. காற்றுப்பையோ இங்கே ஒரு உதவியும் செய்யாது. பின்பக்கம் கனத்த டிரெய்லரையும் அது சமமாகத் தூக்கி நிறுத்தி, தவறைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

சொந்தமாகக் கட்டியது என்பதற்காக விதிகள் விலகி நிற்பதில்லை. மொத்த எடை 4.5 டன்னுக்குள் இருக்கும் டிரெய்லர்களுக்கு ஆஸ்திரேலியாவில் தனி விதித்தொகுப்பு உண்டு. 2018ஆம் ஆண்டின் சாலை வாகனத் தரச் சட்டம் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபிறகு, மத்திய அரசின் ஒப்புதலைப் பெற்று, பிறகு மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும். சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவுக்குள் இருக்கும் ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. 2000 கிலோ வரை ஓர் ஆக்சிலிலாவது பிரேக் வேண்டும். அதற்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். கொக்கி கழன்றால் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடி நிற்கும் ஏற்பாடும் வேண்டும். நாம் கணக்குப் போட்ட 1500 கிலோ டிரெய்லர் நடுப்பிரிவில் வருகிறது. விதிகளைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டவர்கள், கட்டி முடித்த சேசிஸை மறுபடி அறுத்ததுண்டு.

யாருக்கு எது

ஆக, எல்லோருக்கும் காற்றுப்பை தேவையா? இல்லை. வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே எடையோடு ஓடும் டிரெய்லருக்கு லீஃப் ஸ்பிரிங்கே போதும். அதை எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் கழற்றி மாட்டலாம், விலையும் குறைவு, காற்று இறங்குமோ என்ற கவலையும் இல்லை. எடை பாதிக்குப் பாதி மாறும், வெறுமையிலும் நிறைசுமையிலும் மண்சாலையில் நெடுந்தூரம் ஓடும் என்றால், காற்றுப்பைக்குச் செலவழிக்கும் பணம் வீணாகாது. அப்போதும் ஷாக் அப்சார்பருக்கும் வெல்டிங்குக்கும் மிச்சம் பிடித்துப் பைக்குச் செலவிடக் கூடாது.

கட்ட நினைப்பவர்கள் பையின் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஏற்றப்போகும் பொருள்களையும் அவற்றின் எடையையும், ஆக்சிலிலிருந்து அவற்றின் தூரத்தையும் எழுதுங்கள். பையின் அளவும், கையின் நீளமும், பிரேக்கின் தேவையும், குழாயின் கனமும் அந்தத் தாளிலிருந்தே வரும். கட்டி முடித்ததும் எடைமேடையில் வெறுமையாக ஒருமுறை, நிறைசுமையில் ஒருமுறை நிறுத்தி, கொக்கி எடையைத் தனியாகப் பாருங்கள். இழுகம்பி வெல்டிங்கில் உங்கள் கைமேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால், அந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பழுதானால் வண்டி நிற்கும். அது மட்டும் விட்டால், பின்னால் வருகிறவரின் உயிர் போகும்.